பாட்லேபர் கடைசி எபிசோடுகள்: முதல்முறை பார்த்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

உப்புக்காற்று:

‘லேபர்’ என்ற ராட்சத வேலை இயந்திரங்களை ஓட்டும் ஒரு போலீஸ் பிரிவைப் பற்றிய ஜப்பானிய அனிமே பாட்லேபர். அதை முழுதாகப் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். கடைசி எபிசோடுகளைப் பார்த்த அனுபவத்தை எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன். கதையெல்லாம் உடைபடும், பார்க்காதவர்கள் இத்தோடு நகர்ந்துவிடலாம்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ரோபோ அனிமே என்றால் கடைசியில் பாதி நகரம் இடிய வேண்டும், நமக்குப் பிடித்த ஆள் ஒருவர் சாக வேண்டும், பைலட் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று மனசு பழகியிருந்தது. இங்கே 46ஆவது எபிசோடின் தலைப்பு ‘அதன் பெயர் ஜீரோ’. 47ஆவது, அதாவது கடைசி, ‘கண்டிஷன் கிரீன்’. 1989 அக்டோபரில் நிப்பான் டிவியில் தொடங்கி ஒரு வருடம் ஓடிய போலீஸ் தொடரை, ‘நிலைமை சீராக இருக்கிறது’ என்கிற மாதிரி தலைப்புப் போட்டு முடிக்கிறார்கள்!

அதைவிட எரிச்சல் கிரிஃபன் விஷயம். கறுப்பு உடம்பு, முதுகில் இறக்கை, போலீஸ் லேபரான இங்க்ராமை உடைப்பதற்கென்றே பிறந்தது போன்ற லேபர். தொடரின் பிற்பாதியில் வந்து, நாம் பின்தொடரும் போலீஸ் குழுவான இரண்டாம் பிளட்டூனை ஆட்டிவைத்துவிட்டுப் போகும். இப்போது திரும்பி வரும், இதோ வரும் என்று கடைசி எபிசோடு வரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பெயர்கள் ஓடி முடிந்த பிறகும் இன்னும் ஏதோ இருக்கும் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கே சிரிப்பாக இருந்தது.

அப்புறம்தான் தெரிந்தது, பாக்கிக் கதை ‘நியூ ஃபைல்ஸ்’ என்ற 16 எபிசோடுகளில் இருக்கிறது என்று. 1990 முதல் 1992 வரை டிவிக்கு வராமல் நேரடியாக வீடியோவில் வெளியானவை. முதல் எபிசோடிலேயே கிரிஃபன் உயிர்த்தெழுகிறது. நான்காவதில் கதை முடிந்தே போகிறது. தலைப்பு ‘கேம் ஓவர்’.

அந்தத் தலைப்பு சும்மா வைத்ததில்லை. கிரிஃபனை ஓட்டுபவன் ஒரு சிறுவன். பட் என்று கூப்பிடுவார்கள், முழுப்பெயர் பத்ரிநாத் ஹர்சந்த். அட, நம் ஊர்ப் பக்கத்துப் பெயர் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், பையன் வாயைத் திறந்ததும் வருவது கன்சாய் வட்டார ஜப்பானிய மொழி. வண்டிக்குள் இருக்கும் அமைப்புக்குப் பெயர் அசுரா. அவனுக்கு இதெல்லாம் விளையாட்டு. எதிரில் இருப்பவரை வென்றால் போதும், அங்கே ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவன் கணக்கில் வராது. பின்னாலிருந்து நடத்துபவர் உட்சுமி. ஷாஃப்ட் என்ற பன்னாட்டு நிறுவனத்தில் ஏழாவது திட்டப் பிரிவின் தலைவர். உலகை ஆளும் ஆசையெல்லாம் கிடையாது. கோட், டை, கண்ணாடி, சிரித்த முகம். கம்பெனி செலவில் தன் பொம்மையை விளையாடவிட்டு ரசிக்கிறார். மாதச் சம்பளம் வாங்கும் வில்லன்!

எதிரில் நோவா, இரண்டாம் பிளட்டூனின் பைலட். தன் இங்க்ராமுக்கு ஆல்ஃபோன்ஸ் என்று பெயர் வைத்திருப்பவள். அவள் வீட்டில் முன்பு வளர்த்த செல்லப்பிராணிக்கு வைத்த பெயர் அது. வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலே முகம் வாடிவிடும் அவளுக்கு. அவள்தான் அந்தக் கடைசிச் சண்டைக்குப் போகிறாள். ஜெயித்த பிறகும் கைதட்டத் தோன்றவில்லை. ஒருத்திக்கு அது வேலை, ஒருவனுக்கு அது கேம், நடுவில் இருப்பதோ எட்டு மீட்டர் உயர இயந்திரம். அந்த ஏற்றத்தாழ்வு அவளுக்குக் கோபமாக வருகிறது, நமக்கும் வருகிறது.

சரி, நான்கில் முடித்தாயிற்று. மிச்சம் பன்னிரண்டில் என்னதான் செய்வார்கள்? பெரிதாக ஒன்றும் செய்யவில்லை! மழை நாளில் ஒரு பூனைக்குட்டி வருகிறது. இன்னொரு பைலட் ஓட்டாவுக்கு ஞாபகம் போய்விடுகிறது. அலுவலகத்துக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் மறுபடி இறங்குகிறார்கள். வில்லன் போனாலும் டியூட்டி இருக்கிறதே. மறுபடி பார்த்தபோது அந்தப் பன்னிரண்டையும்தான் ரசித்துப் பார்த்தேன், சண்டையை வேகமாக ஓட்டிவிட்டேன். ‘கண்டிஷன் கிரீன்’ மேல் இருந்த கோபமும் அதோடு போயிற்று.

மழைநேரம்:

நீங்கள் அந்தப் பட்டியலில் கருயிசாவா எபிசோடை விட்டது மன்னிக்க முடியாத குற்றம்!

இரண்டாம் பிளட்டூனின் கேப்டன் கோட்டோவும் முதல் பிளட்டூனின் கேப்டன் நகுமோவும் வெளியூர் போய்விட்டு ஒரே காரில் திரும்புகிறார்கள். புயல். ரோடு அடைபட்டுவிட்டது. கிடைக்கிற ஒரே இடம் லவ் ஹோட்டல், ஜோடிகள் தனிமைக்காக அறை எடுக்கும் இடம். இதை வைத்து எத்தனை மலிவான காமெடி செய்திருக்கலாம்! செய்யவில்லை. இரண்டு நடுவயது அதிகாரிகள், ஒருவர் மேல் ஒருவருக்கு மரியாதை உண்டு, அதற்கு மேலும் ஏதோ உண்டு, அதை வாய்விட்டுச் சொல்லும் வயது இருவருக்கும் தாண்டிவிட்டது. ஒன்றுமே நடக்காது. நான் இதை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஹோட்டல் அறையைப் பார்த்ததும் ரிமோட்டைத் தேடினேன். அம்மா, ‘இருடீ, அந்த மனுஷன் என்ன பண்ணப்போறாருன்னு பாக்கலாம்’ என்றார். பார்த்து முடித்துவிட்டு, ‘பாவம், நல்ல மனுஷன்’ என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கோட்டோவைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் விமர்சனம் எழுதி நான் படித்ததில்லை.

அவர் குரலைக் கவனியுங்கள். ரியூனோசுகே ஓபயாஷி பேசியிருப்பார். தூங்கி வழிவது போலவே பேசுவார், எதிராளி அசந்த நேரத்தில் வேலையை முடித்துவிடுவார். ஒரு காலத்தில் இவருக்கு ‘சவரக்கத்தி கோட்டோ’ என்று பட்டப்பெயர் இருந்ததாகத் தொடரில் சொல்வார்கள். நம்பவே முடியாது, நம்பாமலும் இருக்க முடியாது.

கிரீஸ்கை:

எனக்குப் பிழைப்பே ஒர்க்‌ஷாப்பில்தான், பஸ் மராமத்து. அதனால் நான் பார்த்த பாட்லேபர் வேறு.

மற்ற ரோபோ தொடர்களில் வண்டி நொறுங்கினால் அடுத்த வாரம் புதுசாக வந்து நிற்கும். யார் சரிசெய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இதில் ஓட்டா உடைத்துக்கொண்டு வந்தால் அதை யார் எத்தனை ராத்திரி கழற்றி மாட்டுகிறார்கள் என்று காட்டுவார்கள். மராமத்துக் குழுவின் தலைவர், பெரியவர் சகாகியின் அதட்டல் கேட்டிருப்பீர்கள்: மசமசவென்று நின்றால் கடலில் தூக்கிப் போட்டுவிடுவாராம். அலுவலகமே டோக்கியோ விரிகுடாவை நிரப்பி எடுத்த நிலத்தில் இருக்கிறது, ஆகவே அது வெறும் பேச்சும் இல்லை. எங்கள் ஃபோர்மேன் ஒருவர் அப்படியே இதே ரகம், கடல்தான் பக்கத்தில் கிடையாது.

நியூ ஃபைல்ஸில் ‘நெருப்பின் ஏழு நாட்கள்’ என்று ஒன்று. பட்டறைக்குள் பையன்கள் ஒளித்துவைத்திருந்த அந்த மாதிரிப் பத்திரிகைகளால் மூளும் கலகம். கோஷ்டி, கோஷ்டிக்குள் கோஷ்டி, கொள்கை விளக்கம், களையெடுப்பு. தொழிற்சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து பழகிய எவனுக்கும் சிரித்துச் சிரித்துப் புரையேறும். டிவி தொடரின் 29ஆவது எபிசோடையும் இதோடு சேர்த்துப் பாருங்கள், அதற்கு கதை ஒஷீ மமோரு. அத்துவானத்தில் இருக்கும் அந்த அலுவலகத்துக்குச் சாப்பாடு கொண்டுவருவது ஷாங்காய்-தே என்ற ஒரே கடை. அந்த ஆர்டர்தான் மொத்தக் கதையும். நைட் ஷிஃப்ட்டில் பரோட்டாக் கடை மூடிக்கிடந்த வயிற்றெரிச்சலை அனுபவித்தவர்களுக்கு அது காமெடி இல்லை.

கடைசி எபிசோடைப் பார்த்தபோது எனக்கு ஒரே கேள்விதான். புது வண்டி வந்துவிட்டால் இங்க்ராமின் ஸ்பேர் பார்ட்ஸை என்ன செய்வார்கள்?

வடக்குக்கரை:

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. அன்றாட டியூட்டி, பூனைக்குட்டி எல்லாம் சரி. ஆனால் கிரிஃபனை நான்கு எபிசோடில் சுருட்டியது அவசரம். யூகி மசாமி வரைந்த பாட்லேபர் மங்கா (காமிக்ஸ்) 1988இல் தொடங்கி 1994 வரை ஓடியது, 22 தொகுதிகள். அதில் பட் யார், எங்கிருந்து வந்தான், அவனைப் போன்ற பிள்ளைகளை ஒரு கூட்டம் எப்படி விலைபேசுகிறது என்பதையெல்லாம் நிதானமாகச் சொல்வார். உட்சுமியும் அங்கே சிரித்துக்கொண்டே தப்புவதில்லை, கத்திக்குத்து வாங்கிச் சாகிறார். அதைப் படித்த பிறகு ‘கேம் ஓவர்’ எனக்கு அரைகுறையாகத் தெரிந்தது.

எனக்கு முடிவு என்றால் 1993இல் வந்த இரண்டாவது திரைப்படம்தான். பிளட்டூனே கலைந்து கிடக்கும். ஓட்டா பயிற்சிப் பள்ளியில் கத்திக்கொண்டிருக்கிறார், அதே குழுவில் இருந்த ஷின்ஷி தலைமையகத்தில் கோப்பு பார்க்கிறார், நோவாவும் அவள் கூட்டாளி அசுமாவும் லேபர் தயாரிக்கும் ஷினோஹாரா தொழிற்சாலையில் சோதனை ஓட்டம் பார்க்கிறார்கள். லேபர் பிடிக்கும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எப்போதும் சின்னப்பெண்ணாகவே இருக்க விருப்பமில்லை என்று நோவா அதில் சொல்வாள். ஆல்ஃபோன்ஸுக்காக முகம் வாடிய அதே நோவா. நான் படிப்பு முடித்து, பிடித்த ஒன்றை விட்டுவிட்டு, கிடைத்த வேலையில் சேர்ந்திருந்த சமயம் பார்த்தேன். அந்த இடத்தில் நிறுத்தி, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மீதியைப் பார்க்க முடிந்தது.

@மழைநேரம், கருயிசாவாவைப் பார்த்துவிட்டு அதே கையோடு இந்தப் படத்தில் கோட்டோவைப் பார்க்காதீர்கள். நகுமோ யாரை நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

உப்புக்காற்று:

@வடக்குக்கரை, மங்கா பற்றிச் சொன்னது நியாயம். பட் பற்றிய பகுதியை அனிமே அவசரமாகத் தாண்டிவிடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தை டிவி தொடரின் முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. 1988இன் முதல் வீடியோ தொடரும் திரைப்படங்களும் ஒரு வரிசை. டிவி தொடரும் நியூ ஃபைல்ஸும் இன்னொரு வரிசை. ஆட்கள் அதே ஆட்கள், நடந்ததெல்லாம் ஒன்றல்ல. புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டையும் கலந்துவிட்டு, கிரிஃபனைப் பற்றிப் படத்தில் ஏன் பேச்சே இல்லை என்று குழம்புகிறார்கள். முதல் வீடியோ தொடர், முதல் இரண்டு படங்கள், அப்புறம் டிவி, கடைசியாக நியூ ஃபைல்ஸ் என்று போனால் குழப்பமில்லை.

@கிரீஸ்கை, ஸ்பேர் பார்ட்ஸ் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எனக்கும் இப்போது அதே யோசனையாகவே இருக்கிறது.