ரைக்கார்ட் பெரிய பயிற்சியாளரா, பெரிய அணி கிடைத்தவரா?

நடுக்களம்:
ஸ்பெயின் கால்பந்து கிளப் பார்சலோனாவின் பயிற்சியாளர்கள் என்று பேச்சு எடுத்தாலே க்ரைஃப், குவார்டியோலா என்று இரண்டு பெயரோடு முடித்துவிடுகிறோம். 2003 முதல் 2008 வரை அங்கே இருந்த ஃபிராங்க் ரைக்கார்டை யாரும் நினைப்பதில்லை. இது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். அவர் வரும்போது கிளப் எந்த நிலையில் இருந்தது? முந்தைய சீசனில் ஆறாவது இடம். 1999க்குப் பிறகு ஒரு லீக் கோப்பைகூட இல்லை. அவருடைய முதல் சீசனும் மோசமாகத்தான் ஆரம்பித்தது. 2003 டிசம்பரில் பரம எதிரி ரியல் மேட்ரிட் 20 வருடத்துக்குப் பிறகு நம் சொந்த மைதானமான கேம்ப் நௌவில் ஒரு லீக் ஆட்டத்தை வென்றது. அப்போதே அவரை அனுப்பிவிடுங்கள் என்று குரல் எழுந்தது. அனுப்பவில்லை. சீசன் முடிவில் இரண்டாம் இடம், அடுத்த இரண்டு வருடமும் லீக், 2006ல் பாரிஸில் ஐரோப்பிய கிளப்புகளின் உச்சக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக். இன்றைய பார்சலோனாவுக்கு அஸ்திவாரம் போட்டவர் அவர்தான் என்பது என் கட்சி.

கடைசிவிசில்:
ரொனால்டினோ, டெகோ, எட்டோ மூவரையும் எடுத்துவிட்டு இதையே சொல்லுங்கள் நண்பரே. பார்சலோனாவுக்கு முன்னும் பின்னும் அவர் என்ன செய்தார்? 2000 யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பையில், சொந்த நாட்டில் நெதர்லாந்து அணிக்குப் பயிற்சியாளர். அரையிறுதியில் இத்தாலி முதல் பாதியிலேயே பத்து பேராகக் குறைந்தது. ஆட்டத்துக்குள் கிடைத்த இரண்டு பெனால்டியையும் வீணடித்து, கடைசியில் பெனால்டி சுற்றிலும் தோற்றார்கள். உடனே ராஜினாமா. அடுத்து நெதர்லாந்து கிளப் ஸ்பார்டா ரோட்டர்டாம். 1888ல் தொடங்கிய கிளப், 2002ல் அதன் வரலாற்றிலேயே முதல் முறையாக முதல் டிவிஷனிலிருந்து கீழே இறங்கியது. பார்சலோனாவுக்குப் பிறகு துருக்கியின் கலாட்டசராய், அடுத்த சீசனின் நடுவிலேயே வெளியே. சவூதி தேசிய அணி, 2014 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியாவிடம் தோற்று வெளியே. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஜெயித்தவரை எந்தக் கணக்கில் பெரியவர் என்பது?

நடுக்களம்:
அந்த ஒரே இடத்தில் அவர் செய்ததைப் பாருங்கள். 2004 ஜனவரியில் யுவென்டஸிலிருந்து எட்கர் டேவிட்ஸைக் கடனாக, அதாவது தற்காலிகமாக, கொண்டுவந்தார்கள். அதுவரை நடுக்கள ஆட்டக்காரர் சாவி தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நின்று பந்தைப் பிரித்துக் கொடுப்பவர். டேவிட்ஸ் பின்னால் ஓடியோடி அடைக்க, சாவி ஒரு படி மேலே போனார். அந்த ஏப்ரலில் மேட்ரிட்டின் சொந்த மைதானமான பெர்னபேயுவில் அவர்களை 2-1 என்று வென்றபோது வெற்றி கோல் யாருடையது? சாவியுடையது. அப்புறம் உலகமே பார்த்த சாவி இங்கே பிறந்தவர். இடதுகால் மெஸ்ஸியை வலது ஓரத்தில் நிறுத்தி உள்ளே வெட்டிவர விட்டதும் இவர்தான். நல்ல ஆட்டக்காரர்கள் கிடைத்தால் போதும் என்றால், ஃபீகோ, ஜிடான், ரொனால்டோ, பெக்காம் நால்வரும் இருந்த மேட்ரிட் அந்த சீசனில் ஏன் லீக் ஜெயிக்கவில்லை?

மிலான்88:
நான் அவரை ஆட்டக்காரராகப் பார்த்து வளர்ந்தவன். அங்கிருந்து வந்தால்தான் இந்த மனிதர் புரிவார். 1987ல் அயாக்ஸில் க்ரைஃப் பயிற்சியாளர். அவரோடு சண்டை முற்றி ரைக்கார்ட் பயிற்சியைவிட்டு வெளியேறினார், திரும்பவில்லை. ஸ்போர்டிங், சரகோசா என்று சுற்றிவிட்டு 1988ல் மிலான். பயிற்சியாளர் சாக்கியின் மிலானில் குலிட், வான் பாஸ்டனுக்குப் பின்னால் நின்று எல்லா வேலையும் செய்தவர். 1990 ஐரோப்பியக் கோப்பை (இப்போதைய சாம்பியன்ஸ் லீக்) இறுதியில் பென்ஃபிகாவுக்கு எதிரான ஒரே கோல் அவருடையது, வியன்னாவில். 1995ல் அதே வியன்னா மைதானத்தில், இம்முறை அயாக்ஸ் உடையில், அதே மிலானுக்கு எதிராக க்ளைவர்ட்டின் கோலுக்குப் பந்து கொடுத்ததும் அவர்தான்.

கத்தித் திட்டும் பயிற்சியாளர் ஒரு திறமைசாலியை எப்படித் துரத்திவிடுவார் என்று அனுபவித்தவர் அவர். அதனால்தான் பார்சலோனாவில் யாரையும் பொதுவெளியில் குறை சொல்லவில்லை. ரொனால்டினோ சிரித்துக்கொண்டே ஆடியதற்கு அந்த நிம்மதியும் காரணம். இன்னொன்று, அப்போதைய பார்சலோனா தலைவர் லபோர்டாவிடம் இவரை எடுக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் அதே க்ரைஃப்.

கடைசிவிசில்:
அழகாகச் சொன்னீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த மென்மைதான் அணியைக் கெடுத்தது என்கிறேன். 2006ல் உதவிப் பயிற்சியாளர் ஹென்க் டென் காட்டே அயாக்ஸுக்குப் போய்விட்டார். டிரெஸ்ஸிங் ரூமில் கண்டிப்பு காட்டியவர் அவர். அவர் போனதும் கட்டு அவிழ்ந்துவிட்டது. 2007 பிப்ரவரியில் மாற்று ஆட்டக்காரராக இறங்க எட்டோ மறுத்தார், பிறகு பத்திரிகையாளர்கள் முன்னால் பயிற்சியாளரையே திட்டினார். ஜூன் 9ஆம் தேதி எஸ்பான்யோலோடு கடைசி நிமிடம் வரை 2-1 முன்னிலை, அவர்களுடைய தமூடோ வந்து சமன் செய்தார். மேட்ரிட்டும் நாமும் ஆளுக்கு 76 புள்ளி, இரு அணியும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் கணக்கில் லீக் அவர்களுக்குப் போனது. 2008 மே மாதம் பெர்னபேயுவில் லீக் சாம்பியனான மேட்ரிட்டுக்கு வரிசையில் நின்று கைதட்டிவிட்டு 4-1 என்று தோற்றோம். அந்த சீசன் முடிவில் 18 புள்ளி பின்னால், மூன்றாம் இடம்.

நடுக்களம்:
2006-07ல் எட்டோ முழங்கால் காயத்தில் பல மாதம் இல்லை. மெஸ்ஸிக்குப் பாத எலும்பு முறிந்தது. அதையும் கணக்கில் வையுங்கள். சரி, இப்போது நான் ஒன்று கேட்கிறேன். 2009ல் ரோமில் குவார்டியோலா அந்த சீசனின் மூன்றாவது கோப்பையைத் தூக்கிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தின் பதினொரு பேரை எழுதுங்கள். வால்தேஸ், புயோல், யாயா தூரே, பிக்கே, சில்வின்யோ, சாவி, புஸ்கெட்ஸ், இனியெஸ்டா, மெஸ்ஸி, எட்டோ, ஹென்றி. பிக்கே, புஸ்கெட்ஸ் இருவரைத் தவிர மற்ற ஒன்பது பேரும் ரைக்கார்டின் அணியில் இருந்தவர்கள்.

கடைசிவிசில்:
என் வாதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அதே ஒன்பது பேர். 2008 மே மாதம் மூன்றாம் இடம், 2009 மே மாதம் மூன்று கோப்பை. இடையில் மாறியது என்ன? ரொனால்டினோவும் டெகோவும் போனார்கள், நேரத்துக்குப் பயிற்சிக்கு வராதவர்களுக்கு அபராதம் வந்தது, பந்து போனதும் எல்லோரும் சேர்ந்து துரத்தினார்கள். அந்த முடிவுகளை எடுக்க ரைக்கார்டுக்கு இரண்டு வருட அவகாசம் இருந்தது.

மிலான்88:
கடினமான முடிவே எடுக்கத் தெரியாதவர் என்பதுபோல் பேசுவதை மட்டும் ஏற்கமாட்டேன். பாரிஸ் இறுதியில் காயத்திலிருந்து மீண்டு வந்த மெஸ்ஸியைப் பெஞ்சில்கூட வைக்கவில்லை. பையன் மனம் உடைந்தான், இவர் அசையவில்லை. ஆர்சனல் கோல்கீப்பர் லேமன் 18வது நிமிடமே சிவப்பு அட்டை வாங்கியும் கேம்பலின் கோலால் நாம் பின்தங்கியிருந்தோம். இடைவேளையில் எட்மில்சனுக்குப் பதில் இனியெஸ்டா, 61ல் வான் பொம்மெலுக்குப் பதில் லார்சன், 71ல் ஓலெகேருக்குப் பதில் பெல்லெட்டி. 76ல் எட்டோ அடித்தார், 81ல் பெல்லெட்டி அடித்தார், இரண்டுக்கும் பந்து கொடுத்தது லார்சன். இறக்கிய மூன்று பேருமே ஆட்டத்தை மாற்றினார்கள். ஓர் ஐரோப்பிய இறுதியில் இதைவிடச் சிறந்த மாற்றங்களை நான் பார்த்ததில்லை.

கடைசிவிசில்:
இனியெஸ்டா ஏன் முதலிலேயே இறங்கவில்லை என்று நான் கேட்பேன். இருக்கட்டும், அந்த இரவு அவருடையது, தருகிறேன். ஆனால் அடுத்த வருடம் கெட்டாஃபே? ஸ்பெயின் கோப்பை அரையிறுதி முதல் ஆட்டத்தில் மெஸ்ஸி பாதி மைதானம் ஓடி எல்லோரையும் தாண்டி அடித்த கோல், 5-2 வெற்றி. இரண்டாவது ஆட்டத்துக்கு மெஸ்ஸிக்கு ஓய்வு கொடுத்தார், 4-0 என்று தோற்று வெளியே போனோம். மூன்று கோல் முன்னிலையைக் கையில் வைத்துக்கொண்டு!

நடுக்களம்:
கெட்டாஃபே தவறான முடிவுதான், அதில் நான் அவரைக் காப்பாற்றப் போவதில்லை. கடைசி இரண்டு வருடம் அவர் கையை விட்டுப் போனதும் உண்மை. ஆனால் 2004 அக்டோபரில் எஸ்பான்யோலுக்கு எதிராக 17 வயது மெஸ்ஸியை லீக்கில் முதலில் இறக்கியவர் அவர். உடனே தினமும் ஆடவைத்துக் களைப்படைய விடவில்லை. அடுத்த மே மாதம் அல்பாசேட்டேக்கு எதிராக ரொனால்டினோ தூக்கிக் கொடுத்த பந்தில் அவனுக்கு முதல் கோல் வந்தது. அவனுக்குப் பொறுமையாக இடம் கொடுத்ததற்கு மெஸ்ஸி பல பேட்டிகளில் இவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். சவூதி வேலை போனபோது ரைக்கார்டுக்கு வயது 50. வேறு யாராக இருந்தாலும் இன்னும் பத்து வருடம் கிளப் கிளப்பாகத் தேடியிருப்பார்கள். இவர் பயிற்சியே வேண்டாம் என்று விலகிவிட்டார். அதனால்தான் இவருக்காக இங்கே நாம் பேச வேண்டியிருக்கிறது.