டிரஃபால்கர் ஓவியத்தின் முன் என் சித்தப்பா

லண்டனுக்கு வந்திருந்த சித்தப்பாவைக் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல் அவர். ஆங்கில ஓவியர் டர்னர் வரைந்த டிரஃபால்கர் போர் ஓவியத்தை அவருக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அகலம் மட்டும் மூன்றரை மீட்டருக்கு மேல். நான்காம் ஜார்ஜ் மன்னர் கேட்டு, 1824-இல் வரைந்து முடித்தது.

படித்து வைத்திருந்ததையெல்லாம் ஒப்பிக்க ஆரம்பித்தேன். பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களைப் பிரிட்டன் வென்ற அந்தப் போர் நடந்தது 1805 அக்டோபர் 21 அன்று. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' கப்பலில், ஒவ்வொருவரும் தன் கடமையைச் செய்வார்கள் என்று இங்கிலாந்து எதிர்பார்க்கிறது என்ற அந்தப் புகழ்பெற்ற கொடிச் செய்தி ஏறியது நண்பகலுக்குச் சற்று முன்னால். பாய்மரம் முறிந்தது அதற்குப் பிறகு. பின்னால் எரிகிற பிரெஞ்சுக் கப்பல் 'அஷீல்' பற்றிக்கொண்டது மாலையில். முன்னால் அமிழ்கிற 'ரெடூட்டாப்ள்' மூழ்கியதோ மறுநாள். அத்தனையையும் டர்னர் ஒரே நேரத்தில் நடப்பதாக வரைந்துவிட்டார். கடற்படைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை, கயிறு சரியில்லை, நேரம் சரியில்லை என்று ஆளாளுக்குக் குறை. அரண்மனைக்கே போய் நாள்கணக்கில் திருத்தினார். அப்படியும் 1829-இல் மன்னர் அதைக் கிரீனிச் கடற்படை மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்.

சித்தப்பா நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. குனிந்து படத்தின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்த மரத்துண்டுகளைப் பற்றிக்கொண்டு தண்ணீரில் தத்தளிக்கிறவர்கள், ஆள் நிரம்பிய படகுகள்.

“ஏல, மேல எந்தக் கொடி பறந்தா என்ன, இங்க பாரு. ஒருத்தன ஒருத்தன் புடிக்கான். தண்ணில விழுந்தவன் அப்படித்தாம்ல புடிப்பான்.”

எனக்குச் சுருக்கென்றது. எத்தனையோ முறை பார்த்த படம், என் கண் எப்போதும் விக்டரியின் பாய்களிலேயே நின்றுவிடும். மன்னர் கேட்டது வெற்றியை. டர்னரோ பார்க்கிறவன் கண்ணுக்கு நேரே, தரையிலிருந்து எட்டித் தொடுகிற உயரத்தில், சாகிறவர்களை வைத்திருக்கிறார். கயிற்றைப் பற்றிக் குறை சொன்னவர்கள் இதைப் பார்த்தார்களா என்றுதான் இப்போது தோன்றுகிறது.

“இவன் கடல்ல போனவனா?” என்று கேட்டார்.

1805 டிசம்பரில் விக்டரி இங்கிலாந்து திரும்பியபோதே டர்னர் கப்பலில் ஏறிப் பார்த்து, மாலுமிகளிடம் விசாரித்துக் குறிப்பெடுத்ததைச் சொன்னேன்.

“அப்பம் செத்தவங்களப் பத்தியும் கேட்டுருக்கான்” என்றார். ஒரு தடவை நடுக்கடலில் தன் தோணியின் பாய்மரம் முறிந்ததைச் சொன்னார். முதலில் சத்தம் வருமாம், பிறகுதான் மரம் சாயுமாம். இதுவரை வீட்டில் யாரிடமும் அவர் சொன்னதில்லை. அன்றைக்கு வேறு எந்தக் கூடத்துக்கும் நாங்கள் போகவில்லை.