டிக்கா .308க்கு எந்த ஸ்கோப்? எடை குறைவாக வேண்டும்

திமாரு_குமரன்:
நியூசிலாந்து தென்தீவில் இருக்கிறேன். உரிமம் கிடைத்து, டிக்கா டி3எக்ஸ் லைட் வாங்கியாயிற்று. வெறும் துப்பாக்கி 2.9 கிலோ. சிவப்பு மானுக்கும், மலைமேல் ஏறித் தார் என்கிற காட்டாட்டுக்கும் போக ஆசை. கடையில் 4-16×50 ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி; 4 முதல் 16 மடங்குப் பெருக்கம், 50 மி.மீ. முன்கண்ணாடி) காட்டி, "தூரத்துக்கு இதுதான், இருட்டிலும் நல்லாத் தெரியும்" என்கிறார்கள். அதன் எடை 650 கிராம். இவ்வளவு கனத்தை ஏற்றவா லைட் வாங்கினேன்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலையேறி:
தம்பி, அந்த 50ஐ விட்டுடுங்க. இருட்டில் தெரியும் என்பது பாதிக் கணக்கு. முன்கண்ணாடியின் மில்லிமீட்டரைப் பெருக்கத்தால் வகுங்க. அந்த அகலத்துக்குத்தான் ஒளி கண்ணுக்கு வரும். 50ஐ 16ஆல் வகுத்தால் 3 மி.மீ. சொச்சம், அந்தியில் போதாது. 36 மி.மீ. கண்ணாடியை 6 மடங்கில் வைத்தாலே 6 வந்துவிடும். நாற்பது தாண்டிய பலருக்குக் கண்பாவை அதற்கு மேல் விரியாது. 50ஐ அதே 6இல் வைத்தால் 8க்கு மேல். மிச்ச ஒளி கண்ணுக்குள் போகாது, கனம் மட்டும் தோளில் இருக்கும்.

என்னிடம் இருப்பது லியுபோல்டு 2.5-8×36, சுமார் 325 கிராம். ஸ்வரோவ்ஸ்கி இசட்3 3-10×42 என்றால் 360. கண்ணாடி இன்னும் தெளிவு, விலைதான் எங்கேயோ நிற்கும்.

8 மடங்கு போதுமா என்றால், 300 மீட்டரில் நிற்கும் கிடாவை 38 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். தாராளமாகப் போதும். 200 மீட்டருக்கு ஜீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறியிலேயே விழும்படி ஸ்கோப்பைத் திருத்தினால், 300இல் தோட்டா ஒரு சாணுக்குச் சற்று அதிகமாகக் கீழே இறங்கும். அதையும் தாண்டிய தூரமென்றால் நான் சுடுவதில்லை, நடந்து கிட்டப் போவேன்.

கீழ்ப்பக்கப் பெருக்கத்தைத்தான் யாரும் கேட்பதில்லை. பீச் மரக்காட்டில் மான் 30 மீட்டரில் திடீரென எழும்பும். 2.5இல் வைத்திருந்தால் மானும் தெரியும், அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதும் தெரியும். ஏப்ரலில் ஆண் மான்கள் கத்தும் பருவத்தில் அடுத்த புதருக்குள் இன்னொரு வேட்டைக்காரர் இருக்கலாம். தயவுசெய்து ஸ்கோப்பால் தேடாதீங்க, பைனாகுலரால் தேடுங்க. மான்தான் என்று துளி சந்தேகமில்லாமல் தெரியும்வரை துப்பாக்கி தோளுக்கே வரக்கூடாது.

கனமில்லாத துப்பாக்கி உதைக்கும். உச்சப் பெருக்கத்திலும் கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் 9 செ.மீ. இடைவெளி கிடைக்கிறதா என்று பாருங்க. சரிவில் மேல்நோக்கிப் படுத்துச் சுடும்போது முகம் தானாக முன்னால் போகும். புருவத்தில் பிறை போல வெட்டு விழுவது அப்போதுதான்.

டவருக்கு, அதாவது குறியைத் திருத்தும் திருகுக்கு, மூடி இருக்கணும். இல்லாவிட்டால் பையில் உரசி, மட்டகூரி முள்ளில் மாட்டி, உங்களுக்குத் தெரியாமலே நாலு கிளிக் திரும்பியிருக்கும். ஒரு கிளிக் கால் எம்ஓஏ (கோண அளவு) என்றால், அந்த நாலு கிளிக்குக்கு 300 மீட்டரில் கிட்டத்தட்ட 9 செ.மீ. விலகல்.

பொள்ளாச்சி_வாசகன்:
இங்கே இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அங்கே தார் என்கிற வரையாட்டைச் சுடலாமா?

மலையேறி:
நம் நீலகிரி வரையாடு இல்லைங்க, இது இமயமலைத் தார். 1904இல் ஆவொராக்கி (மவுண்ட் குக்) மலைப்பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். வவ்வாலைத் தவிர நிலப் பாலூட்டியே இல்லாதிருந்த நாடு. மலைப் புல்லும் பூச்செடியும் இந்த மேய்ச்சலைத் தாங்கவில்லை. எண்ணிக்கையைக் குறைக்கணும் என்பதே அரசின் திட்டம். அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டுதான் போகணும்.

ஒட்டாகோ_சிவா:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். திறந்த சரிவில் 400 மீட்டர் சுட முறையாகப் பழகியவருக்கு வோர்டெக்ஸ் ரேஸர் எல்ஹெச்டி 3-15×42 நல்ல தேர்வு. 540 கிராம்தான், டவரைப் பூட்டவும் முடியும்.

மலையேறி:
பழகியவருக்குச் சரி, சிவா. குமரன் இப்போதுதான் தொடங்குகிறார். அந்த 200 கிராமுக்குப் பதில் தண்ணீர் சுமக்கட்டும், மிச்சப் பணத்தில் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகட்டும்.

திமாரு_குமரன்:
நன்றி அண்ணா. 2.5-8×36 என்றே முடிவு. ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடிக்கும் ரிங் எந்த உயரம்? எவ்வளவு இறுக்கணும்?

மலையேறி:
முன்கண்ணாடி துப்பாக்கிக் குழலைத் தொடாத அளவில் மிகத் தாழ்வான ரிங். அப்போதுதான் கன்னம் கட்டையில் அழுந்தி உட்காரும். அலுமினியம் போதும். ரிங் ஸ்க்ரூவை, இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் (torque) ஸ்க்ரூடிரைவரால் 2 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்க, ரிங் தயாரித்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி. இருபது தோட்டா சுட்ட பிறகு ஒருமுறை சரிபாருங்க. சைலன்சர் மாட்டுவதாக இருந்தால் மாட்டிய பிறகே ஜீரோ செய்யுங்க. கழற்றினால் குறி மாறும்.