கிரீப்: தவழ்வா, தொய்வா? (கொக்கி வாயைப் பொளந்த கதையோட)

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மத்த எல்லாருக்கும் வணக்கம். பளு விடாம இருந்தா பிளாஸ்டிக் ஒடயாமலே நாளாக நாளாக உருவம் மாறிப் போகுதே, அந்த 'கிரீப்'புக்குத் (creep) தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்னு மூணு நாளா நீங்க போட்ட மெயிலெல்லாம் படிச்சேன், பதில் போட நேரமில்ல, இங்க ஓசூர் சிப்காட்ல இந்த வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட். இப்பதான் உக்காந்தேன், நீளமா போனா பொறுத்துக்குங்க.

> தர்மபுரி ஐயா: கிரீப் என்றால் தவழ்தல். 'தவழ்வு' என்று வைத்துவிட்டுப் போகலாமே, இதில் என்ன சிக்கல்?

சிக்கல் என்னன்னா ஐயா, பிளாஸ்டிக் தவழலீங்க. தவழ்ற குழந்த ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்குப் போகும். இது மாட்டின எடத்துலயேதான் இருக்கு, உருவம்தான் போகுது. ஊர்ந்து போற மாதிரி ஒரு படம் இங்கிலீஷ்காரங்க மனசுல வந்துச்சு, அவங்க வச்சுக்கிட்டாங்க. நம்ம கண்ணுக்கு என்ன தெரியுதோ அதுலருந்து நம்ம பேரு வைக்கலாமேன்றதுதான் என் கட்சி. எனக்கு என்ன தெரிஞ்சுதுன்னு சொல்றேன்.

இந்தப் பக்கம் பாலிஹவுஸ்ல (பிளாஸ்டிக் ஷீட்டு போட்ட பந்தல்) ரோஜா போடறவரு ஒருத்தரு, மேல தொங்கற ஃபாகர் பைப்பை (தண்ணியைப் பனி மாதிரி தெளிக்கறது) தாங்கறதுக்குக் கொக்கி கேட்டாரு. ஒரு கொக்கி தண்ணியோட சேத்து மூணு கிலோ தாங்கணும். பி.பி-ல (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) அடிச்சிடலாம்னு முடிவு பண்ணோம், 'தானா' (உருக்கி அடிக்கற பிளாஸ்டிக் மணி) வெல கம்மி, மோல்டுல சுளுவா ஓடும். பதினஞ்சு கிலோ கல்லைக் கட்டித் தொங்கவிட்டு டீ குடிச்சுட்டு வந்து பாத்தோம், அப்படியே இருந்துச்சு, சந்தோசமா அனுப்பிட்டோம். ஜனவரியில மாட்டினாரு. மே மாசம் போன் வருது, "வந்து பாருங்க தம்பி, உங்க கொக்கியெல்லாம் வாயைப் பொளந்துகிட்டு நிக்குது". போய்ப் பாத்தா நெசம்தான், பைப்பு ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு உசரத்துல கெடக்கு, மலைப்பாம்பு மாதிரி. ஒண்ணுகூட ஒடயல, அதுதான் கடுப்பு. ஒடஞ்சிருந்தா தானா சரியில்ல, ரீகிரைண்ட் (அரைச்ச பழைய பிளாஸ்டிக்) ஜாஸ்தி கலந்துட்டாங்கன்னு யார் தலையிலயாவது கட்டியிருக்கலாம்.

அப்பதான் டேட்டாஷீட்டை ஒழுங்கா படிச்சேன். அதுல இழுவிசை பலம் 30 மெகாபாஸ்கலுக்கு மேலன்னு போட்டிருப்பான், நம்ம அதைத்தான் பாப்போம். அது ஒரு துண்டை மெஷின்ல மாட்டி ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல இழுத்துப் பாத்து எழுதின நம்பர். நாலு மாசம் தொங்கவிட்டா என்ன ஆகும்னு அதுல இருக்காது. அதுக்குத் தனி டெஸ்ட்டு, ஐ.எஸ்.ஓ 899-ன்னு, பளுவை மாத்தாம வச்சுட்டு 1000 மணி நேரம் வரைக்கும்கூட நீளம் எவ்வளவு கூடுதுன்னு பாத்துகிட்டே இருக்கணும். 1000 மணி நேரம்னா நாப்பத்திரெண்டு நாள் ஆச்சு, எந்த சின்ன ஷாப்புல அவ்வளவு நாள் காத்திருப்பாங்க?

உள்ள நடக்கறது இதுதான். பிளாஸ்டிக்குன்றது நீள நீளமான சங்கிலிங்க ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கெடக்கறது. பி.பி-யிலயும் எச்.டி.பி.ஈ-யிலயும் (கெட்டி பாலிஎத்திலீன்) ஒரு பகுதி ஒழுங்கா அடுக்கின படிகம், மீதி சிக்கு. அந்த சிக்கு நம்ம சாதாரண வெயில்லயே இளகின நெலமையிலதான் இருக்கு. பளு இழுக்க இழுக்க சங்கிலி ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும், சூடு ஏற ஏற இன்னும் வேகமா வழுக்கும். இரும்புக்கும் இது உண்டு, ஆனா அடுப்புச் சூடு வேணும், நம்ம கொக்கிக்கு பாலிஹவுஸ் மே மாச சூடே போதும்.

அப்புறம் என்ன தானா போடறதுன்னு ஒரே அடிதடி. நைலான்னு குதிச்சோம், ஆனா அது ஈரத்தைக் குடிக்கும், குடிச்சா விறைப்பு கொறையும், ஃபாகர் ஓடற எடத்துல அதைப் போய் வைக்கறதா. அசிட்டால்னு இன்னொரு பிளாஸ்டிக் நல்லா விறைப்பா நிக்கும், வெயில் ஆகாது. பாலிகார்பனேட்டு, ஏ.பி.எஸ் ரெண்டும் மருந்தடிக்கற எடத்துல பளுவோட தொங்கினா மயிர்க்கோடு மாதிரி விரிசல் விடற ஜாதி, எனக்கு தைரியம் வரல. கடைசியா அதே பி.பி-தான், 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்தது, வெயிலுக்காகக் கறுப்பு மாஸ்டர்பேட்ச் (கலர் மணி), கொக்கியோட வளைவுல முதுகுல ஒரு ரிப் (பலத்துக்கு ஒரு வரம்பு). சங்கிலி வழுக்கினாலும் கண்ணாடி இழை வழுக்காது, பளுவை அது வாங்கிக்கும். என்ன, அந்தக் கண்ணாடி மெஷின் ஸ்குரூவையும் டையையும் (அச்சு) அரம் மாதிரி தேச்சுடும், டூல்ரூம் அண்ணன் இன்னும் என்கிட்ட மொகம் குடுத்துப் பேசல.

சரி சொல்லுக்கு வரேன். அன்னிக்கு அந்தத் தோட்டத்துல வேல செய்யற அம்மா ஒருத்தங்க கொக்கியைப் பாத்துட்டு ரொம்ப சாதாரணமா சொன்னாங்க, "தொஞ்சு போச்சு". கயித்துக் கட்டில் தொய்யுதே, அது. ஒரே ஆளு, ஒரே எடை, தெனமும் படுக்கறாரு, ஆறு மாசத்துல நடுவுல பள்ளம். கயிறு அறல, ஆளும் குண்டாகல. இதை விட கிரீப்புக்கு வெளக்கம் வேணுமா? அதனாலதான் 'தொய்வு'.

> கிருஷ்ணகிரி அக்கா: தொய்வுன்னா தொங்கறதுக்கு மட்டும்தானே தம்பி? கேஸ்கட்டு அமுங்கி சப்பையாகறது, பிரஷர் பைப்பு உப்பறது இதெல்லாமும் கிரீப்தான். என் ஸ்டூடண்ட்ஸ் கேட்டா என்ன சொல்ல?

அக்கா இது நல்ல அடி, ரெண்டு நாளா இதையேதான் யோசிச்சேன். நீங்க சொன்ன பைப்பையே எடுத்துக்கலாம். கறுப்பு பைப்புல பி.ஈ 100-ன்னு (பி.ஈ-ன்னா பாலிஎத்திலீன்) அச்சடிச்சிருக்கும்ல, அந்த 100 எங்கருந்து வருது? 20 டிகிரியில 50 வருசம் விடாம தண்ணி அழுத்தினாலும் அதோட சுவரு 10 மெகாபாஸ்கல் வரைக்கும் தாங்கணும், அந்தப் பத்தைப் பத்தால பெருக்கினதுதான் அந்த 100. ஆக அங்கயும் கணக்கு பளுவும் காலமும்தான், தொங்கறது ஒரு வகை மட்டும். அதனால 'பளுத்தொய்வு'ன்னு வச்சா? பளு தொங்கலாம், அமுக்கலாம், உள்ளருந்து தள்ளலாம், எதுவானாலும் பளுதான். 'வேலையில தொய்வு'ன்னு பேப்பர்ல எழுதறாங்களே, அந்தக் குழப்பமும் போயிடும்.

காலம் சொல்லுக்குள்ள வரணும்னு 'நாள்தொய்வு'ன்னும் எழுதிப் பாத்தேன். ஐயா உடனே சந்தி சேத்து 'நாட்டொய்வு'ம்பாரு, எங்க சூப்பர்வைசர் அதை 'நாட்டோய்வு'ன்னு படிச்சுட்டு நாடு முழுக்க லீவான்னு கேப்பாரு. வேணாம்.

இதோட இன்னொண்ணும் சேத்து முடிக்கணும், ஸ்ட்ரெஸ் ரிலாக்சேஷன். பிளாஸ்டிக் மூடியில போல்ட்டை முறுக்கி வச்சா ஒரு மாசத்துல லூசாகுதே, அது. அங்க உருவம் அப்படியே இருக்கு, உள்ள இருக்கற இறுக்கம்தான் போகுது. எங்க ஃபிட்டருங்க 'பிடி விட்டுடுச்சு'ம்பாங்க. அதனால 'பிடிதளர்வு'. இது ரெண்டையும் ஒண்ணா போட்டுக் கொழப்பறவங்க எங்க ஷாப்புல நெறய, நானும் அதுல ஒருத்தன்.

---

தர்மபுரி ஐயாவின் பதில்:

தம்பி, ஒப்புக்கொள்கிறேன். தொய்தல் என்பதற்கு வலிமை குன்றுதல் என்ற பொருளும் உண்டு, அது உங்கள் கட்சிக்குத் துணை. 'பளுத்தொய்வு' வல்லினம் மிகுந்தே வரட்டும், தகரத்தை விட்டுவிட்டு எழுதாதீர்கள். 'தவழ்வு' குழந்தைகளுக்கே இருக்கட்டும்.

---

கிருஷ்ணகிரி அக்காவோட பதில்:

பளுத்தொய்வு ஓகே தம்பி. பிடிதளர்வுல எனக்கு இன்னும் சந்தேகம், போல்ட்டுக்குப் பொருந்துது, ரப்பர் பேண்டுக்கு? ரெண்டு நாள் குடு. அதுக்குள்ள அந்தக் கொக்கி பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு பஸ்ஸுல குடுத்து விடு, கிளாஸ்ல காட்டணும்.

---

அக்கா, பழசு ஒரு மூட்டையே இருக்கு, எத்தன வேணும்? புதுசு ஒண்ணுதான் தருவேன். ரப்பர் பேண்டுக்கும் பிடிதளர்வு பொருந்தும்னுதான் நெனைக்கறேன், பூக்கட்டுல போட்ட பேண்டு பிடி விட்டா பூ சரியுதே. சிங்க் மார்க்குக்கு (அடிச்ச பிளாஸ்டிக் மேல விழற பள்ளம்) எங்க பசங்க 'குழி'ன்றாங்க, அதை அடுத்த வாரம் எடுத்துக்கலாம், ஷிஃப்ட்டுக்கு வண்டி வந்துடுச்சு.