புதுப்பிப்பு: ஆயில் மாற்றியபின் கிளட்ச் வழுக்கல், தீர்ந்தது

என் 150 சிசி பைக்கில் ஆயில் மாற்றியபின், மேட்டில் இன்ஜின் இரைகிறது, வண்டி ஏற மறுக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கிளட்ச் பிளேட்டில் கை வைக்கும்முன் ஆயில் டப்பாவைப் படியுங்கள் என்றவர் சொன்னதுதான் சரி. 10டபிள்யூ-30 என்ற பாகுத்தன்மை எண்ணை மட்டும் பார்த்து கார் ஆயிலை ஊற்றியிருக்கிறேன். அதில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு; பைக்கின் கிளட்சோ அதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது. பிறகு எப்படிப் பிடிக்கும்?

வடித்துவிட்டு, அதே எண்ணில் ஜாசோ எம்ஏ2 முத்திரையுள்ள (ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்ற பைக் ஆயில் என்பதைக் காட்டும் தரக்குறி) ஆயிலும் புது ஃபில்டரும் போட்டேன். 200 கிலோமீட்டருக்குள் வழுக்கல் நின்றது.

எதிர்பாராதது: ஃபில்டர் மூடியோரம் கசிவு. கழற்றினால், பழைய ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கறுத்து இறுகிப் பள்ளத்திலேயே கிடக்க, அதன்மேலேயே புதியதை வைத்திருக்கிறேன்! சுரண்டி எடுத்தபின் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.