இரவில பிரிட்ஜ் நிக்குது, ஹயஸ் வானுக்கு வயர் எந்த வழியால இழுக்கிறது?

வணக்கம். தொண்டைமானாற்றங்கரையில குடும்பங்கள் தங்கிறதுக்கு நிப்பாட்டிற ரொயோட்டா ஹயஸ். 100 அம்பியர் அவர் லெட் அசிட் பற்றரி, 200 வற் சோலார், 12 வோல்ற் கொம்பிரசர் பிரிட்ஜ். மாரி முடிஞ்சதிலயிருந்து நடுச்சாமத்தில பிரிட்ஜ் குறைவோல்ற் காட்டி நிண்டுடும். விடிய மீனும் பாலும் பழுது. பகலில சோலார் ஏத்திக்கொண்டிருக்க ஒண்டும் தெரியாது.

கொம்பிரசர் ஓடேக்க (5 அம்பியர்) பற்றரியில 12.4, சொக்கற்றுக்குப் பின்னால 11.3. வயர் 2.5 சதுர மி.மீ., ஒரு பக்கம் 6 மீற்றர். கணக்குப்படி போக வர 0.4 வோல்ற்தான் விழோணும்.

மைனசுக்குத் தடிச்ச கேபிளை நேரா பற்றரிக்குக் குடுத்துப் பாத்தன், 11.5 வந்தது. மைனசில விழுந்தது 0.2 வோல்ற்தான், கணக்கில வந்த 0.4இன்ர அரைவாசி. அப்ப மைனஸ் சரி. பிளஸ் பக்கம் சுவிச்சில 0.05, பியூஸ் கோல்டரில 0.1. மிச்சம் முழுக்க தரைப்பலகைக்குக் கீழ போற வயரில அல்லது அதில இருக்கிற மூட்டில. உப்புக்காத்து உள்ளுக்குள்ள செம்பைக் கறுப்பாக்கியிருக்கும் எண்டுதான் நினைக்கிறன். பிரிட்ஜின்ர கட்-ஓப்பை (வோல்ற் குறைய அது தானா நிக்கிற அளவு) கீழ இறக்கினால் ஓடும், ஆனால் லெட் அசிட் பற்றரி கெதியாச் செத்துப்போகும், அது வழியில்லை.

6 சதுர மி.மீ. வெள்ளீயம் பூசின வயர் மாத்தப்போறன். பலகைக்கு மேல கட்டிலும் அலுமாரியும் இறுக்கியிருக்கு, கழட்டேலாது. ஹயஸில இந்த வேலை செய்த ஆக்கள் சொல்லுங்கோ: சேசிசுக்குக் கீழால குழாய்க்குள்ள விட்டு இழுக்கிறதோ, கூரை லைனிங்குக்குள்ளால கொண்டுபோறதோ நல்லது?