“கையாடல் இல்லை, கைமாற்றுதான்”: இந்தச் சமாதானம் எங்கிருந்து வருகிறது?

பேரேடு கேட்டது:
உள்தணிக்கைக்குப் புதிதாக வருபவர்களுக்கு வகுப்பு எடுக்கத் தயாராகிறேன். மார்ச் பில்லை ஏப்ரலில் போடுவது, வசூல் பணத்தை நாலு நாள் வைத்திருந்து கட்டுவது, இல்லாத செலவுக்கு வவுச்சர் போடுவது. கேட்டால் “யாருக்கு நஷ்டம்?”, “எல்லோரும் செய்வதுதானே?” என்கிறார்கள். இது நிஜமாகவே சரி, தப்பு என்று சொல்ல முடியாத விஷயமா? கோட்டை எங்கே போடுவது?

வரவுசெலவு:
சமாதானம் என்பது ஆள் பிடிபட்ட பிறகு தேடுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நம்பிக்கை மோசடிக்காகச் சிறையில் இருந்தவர்களைப் பேட்டி கண்ட அமெரிக்கக் குற்றவியல் ஆய்வாளர் டொனால்ட் கிரெஸ்ஸி 1953-இல் காட்டியது இதைத்தான்: வெளியே சொல்ல முடியாத பணமுடை, எடுக்க வழி, இந்த இரண்டோடு “கடனாகத்தான் எடுக்கிறேன்” என்ற பேச்சும் பணத்தில் கை வைக்கும் முன்பே மனசில் தயாராக இருக்கிறது. அது இல்லாமல், தன்னை நேர்மையானவன் என்று நம்பும் ஆளுக்குக் கை நீளாது.

வசூல் சுழற்சியை, அதாவது ஒருவர் கட்டிய பணத்தை எடுத்துவிட்டு அடுத்தவர் பணத்தால் அதை மறைப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாடிக்கையாளர் கட்டிய 50,000 காசாளர் பைக்குப் போகிறது. அவர் கணக்கில் பாக்கி தெரியக் கூடாதே, அதனால் இரண்டாமவர் பணம் முதலாமவர் பெயரில் வரவாகிறது, மூன்றாமவர் பணம் இரண்டாமவர் பெயரில். யார் கணக்கிலும் பள்ளம் நாலு நாளுக்கு மேல் தங்காது, ஆகவே “யாருக்கும் நஷ்டமில்லை” என்பது அவருக்கு உண்மையாகவே படும். ஆனால் பள்ளம் அடைபடவில்லை, ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. அடுத்த முடை வந்ததும் 50,000 என்பது 80,000 ஆகும். அதற்குள் அவரால் ஒரு நாள்கூட லீவு போட முடியாத நிலை.

பெரிய இடத்திலும் இதே நடைதான். வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தில், பிற நிறுவனங்களின் லைன்களுக்குக் கட்டிய வாடகைச் செலவைச் சொத்துக் கணக்கில் ஏற்றி லாபத்தைக் கூட்டிக் காட்டினார்கள். 2002 ஜூனில் வெளியே வந்தபோது தொகை 380 கோடி டாலருக்கு மேல். ஒவ்வொரு காலாண்டிலும் “இந்த ஒரு தடவை மட்டும்”.

ஐந்தொகை:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட வேண்டாம். வாராக்கடனுக்கு, அதாவது திரும்பி வராமல் போகக்கூடிய பாக்கிக்கு, 3 சதவீதம் ஒதுக்குவதா 5 சதவீதமா என்பதில் இரண்டு நேர்மையான கணக்கர்கள் முரண்படலாம். அது மதிப்பீடு. இங்கே சந்தேகத்துக்கு நிஜமாகவே இடம் உண்டு, அந்தப் போர்வைக்குள்தான் மோசடியும் வந்து ஒதுங்குகிறது.

பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: உண்மையான காரணத்தை ஜர்னல் என்ட்ரியின் (கணக்குப் பதிவின்) விளக்கத்தில் அப்படியே எழுத முடியுமா? “பழைய பாக்கிகள் வசூலானதால் ஒதுக்கீடு குறைக்கப்பட்டது” என்று எழுதி, வசூல் பட்டியலை இணைக்கலாம். ஒதுக்கீட்டைக் குறைத்தால் லாபம் கூடும், ஆனால் “லாபம் இலக்கைத் தொடவில்லை, அதனால் குறைத்தோம்” என்று யாரும் எழுத மாட்டார்கள். “சரிக்கட்டல்” என்ற ஒற்றைச் சொல்லோடு, முழு ஆயிரங்களில், மாதக் கணக்கு மூடிய பிறகு விழுந்த என்ட்ரிகளை முதலில் உருவுங்கள்.

பேரேடு:
நன்றி. மார்ச் பில் எதில் சேரும்?

ஐந்தொகை:
சரக்கு மார்ச்சில் வந்திருந்தால் செலவும் மார்ச்சுடையது. பில் தாமதமாக வந்தால் மதிப்பிட்டு ஒதுக்க வேண்டும். கையில் பில் இருந்தும் மேஜைக்குள் வைத்திருந்தால் அது மறைத்தல், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

வரவுசெலவு:
வகுப்பில் அறிவுரையோடு நிறுத்தாதீர்கள், சமாதானம் முளைக்கும் இடத்தையே அடைக்கச் சொல்லிக் கொடுங்கள். பணம் வாங்குபவரும் லெட்ஜரில் வரவு வைப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இரண்டு வாரம் தொடர் விடுப்பு கட்டாயம். அந்த நாட்களில் வேலையை வேறொருவர் முழுதாகப் பார்க்க வேண்டும். போனில் அவரையே கேட்டு ஒப்பேற்றினால் விடுப்பால் பயனில்லை. சம்பள முன்பணத்துக்கு, கூச்சப்படாமல் கேட்கும்படி ஒரு வழி வையுங்கள். கிரெஸ்ஸி சொன்ன “வெளியே சொல்ல முடியாத” முடையில் பாதி அங்கேயே கரையும். “உங்கள் பாக்கி இவ்வளவுதானா?” என்று வாடிக்கையாளரைக் கேட்கும் பாக்கி உறுதிக் கடிதங்களைக் காசாளர் கையில் கொடுக்காமல் தணிக்கையாளரே தபாலில் சேர்க்க வேண்டும், பதிலும் அவருக்கே வர வேண்டும். வங்கிச் சலானில் இருக்கும் பெயரையும் தேதியையும் லெட்ஜர் வரவோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மொத்தம் டாலி ஆகிவிட்டது என்று விட்டால் சுழற்சி கண்ணில் படாது, ஏனென்றால் அதில் அன்றாட மொத்தம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.